இத்தாலியும் லிபியாவும்: முள்வேலி கடலுக்கு நகர்ந்த வரலாறு

(நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.)

உமர் முக்தார் தூக்குமேடை ஏறும் காட்சியோடு லிபியாவின் வரலாறு எங்களில் பலருக்கு முடிந்து போகிறது. எங்கள் மூத்தவர்கள் 'லயன் ஒஃப் த டெசர்ட்' படத்தை வீடியோ கசட்டில் பார்த்தார்கள். நாங்கள் சீடியில் பார்த்தோம். இப்போதைய பிள்ளைகள் போனில் துண்டு துண்டாகப் பார்க்கிறார்கள். குர்ஆன் ஓதிக் கொடுத்த ஓர் ஆசிரியர் இருபது வருடங்கள் ஒரு வல்லரசை எதிர்த்து நின்றார் என்பதால், ஆசிரியர்களான எங்களுக்கு அந்தப் படத்தில் கொஞ்சம் கூடுதலான உரிமையும் உண்டு. ஆனால் செப்டெம்பர் 16 வந்தால் அவருடைய படத்தைப் போட்டு இரண்டு வரி எழுதுவதோடு நின்றுவிடுகிறோம். அவரைத் தூக்கிலிட்டதற்கு யார் பதில் சொன்னார்கள், அதே இரண்டு நாடுகளுக்கிடையில் இன்று என்ன நடக்கிறது என்று நாங்கள் கேட்பதில்லை. கேட்டால் கதை கொஞ்சம் சங்கடமாக இருக்கும், எங்களுக்கும் சேர்த்து.

1911 செப்டெம்பர் 29ஆம் திகதி இத்தாலி உஸ்மானியப் பேரரசின் மீது போர்ப் பிரகடனம் செய்து லிபியாவுக்குள் இறங்கியது. உலகில் முதன்முதலாக விமானத்திலிருந்து குண்டு போடப்பட்டது அந்தப் போரில்தான், திரிபோலிக்கு அருகில் ஐன் ஸாராவில். அந்த வருடம் ஒக்டோபரில் ஷார் அல்-ஷத் என்ற இடத்தில் இத்தாலியப் படைக்குப் பெரிய அடி விழுந்தது. அதற்குப் பழிவாங்க திரிபோலியில் பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் கப்பல்களில் ஏற்றப்பட்டு இத்தாலியின் தீவுகளுக்குச் சிறை அனுப்பப்பட்டார்கள். திரெமித்தி, உஸ்திக்கா, பொன்ஸா. இன்று இந்தப் பெயர்களைத் தேடினால் உல்லாசப் பயண விளம்பரம்தான் வரும். அங்கே குளிரிலும் நோயிலும் செத்த லிபியர்களின் மையவாடிகளும் இருக்கின்றன. அந்தக் காலத்தில் மத்தியதரைக் கடலில் கைதிகளை ஏற்றிய கப்பல்கள் தெற்கிலிருந்து வடக்குக்குப் போயின என்பதை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இருபது வருடங்கள் கழித்தும் கிழக்கு லிபியாவில், பச்சை மலை எனப்படும் ஜெபல் அக்தர் பகுதியில், ஸனூஸிகளின் எதிர்ப்பு அடங்கவில்லை. முசோலினியின் ஆளுநர் பதோக்லியோவும் தளபதி கிராட்சியானியும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். போராளிகளுக்குச் சோறும் ஒளிந்திருக்க இடமும் கொடுப்பது மக்கள், ஆகவே மக்களையே அங்கிருந்து அகற்றிவிடுவது. 1930ல் ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர், ஆடு மாடு ஒட்டகங்களோடு, நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் நடத்திச் செல்லப்பட்டு அல்-அகைலா, ஸுலூக், மக்ரூன் போன்ற பாலைவன முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். 1933, 34ல் முகாம்கள் மூடப்பட்டபோது அவர்களில் குறைந்தது 40,000 பேர் உயிரோடு இல்லை என்றுதான் பெரும்பாலான ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். இன்னும் கூடுதலாகச் சொல்பவர்களும் உண்டு. உமர் முக்தாரைத் தூக்கிலிட்டதும் ஸுலூக் முகாமில்தான். அடைபட்டிருந்த மக்களைக் கூட்டி நிறுத்தி, பார்க்க வைத்து.

1931ல் எகிப்திய எல்லை நெடுக ஏறத்தாழ 270 கிலோமீற்றருக்கு முள்வேலியும் போட்டார்கள். எகிப்திலிருந்து வரும் ஆயுதக் கடத்தலையும் ஆட்கள் நடமாட்டத்தையும் நிறுத்துவதுதான் வேலியின் நோக்கம். ஆயுதம் கடத்துவதைத் தடுக்கிறோம், ஆட்கள் கடந்து வருவதைத் தடுக்கிறோம், அதற்காக முகாம் தேவைப்படுகிறது. கிட்டத்தட்ட இதே பேச்சை எண்பது வருடங்கள் கழித்துத் திரும்பவும் கேட்கப் போகிறோம்.

இந்த முகாம்களுக்காக இத்தாலியில் யாராவது தண்டிக்கப்பட்டார்களா? ஒருவர்கூட இல்லை. பதோக்லியோ 1943ல் இத்தாலியின் பிரதமரானார். கிராட்சியானிக்கு 1950ல் 19 வருடச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது உண்மை. ஆனால் அது ஜேர்மனியரோடு ஒத்துழைத்ததற்காக, லிபியாவுக்காக அல்ல. அதுவும் சில மாதங்களில் வெளியே வந்துவிட்டார். 2012ல் அஃபிலே என்ற சிற்றூரில் அவருக்குப் பொதுப் பணத்தில் நினைவிடம் கட்டித் திறந்தார்கள். நாங்கள் மேலே சொன்ன படம் 1981ல் வந்தது. இராணுவத்தின் கௌரவத்துக்கு இழுக்கு என்று காரணம் காட்டி, 2009 வரை இத்தாலியில் அதைக் காட்ட விடவில்லை.

2009ல் ஏன் விட்டார்கள்? இங்குதான் கதையின் இரண்டாம் பாகம் தொடங்குகிறது.

2008 ஓகஸ்ட் 30ஆம் திகதி பெங்காசியில் இத்தாலியப் பிரதமர் பெர்லுஸ்கோனியும் கடாபியும் ஒரு நட்புறவு உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். பெர்லுஸ்கோனி காலனித்துவக் கொடுமைகளுக்காக மன்னிப்புக் கேட்டார். திருடிச் சென்ற பழங்காலச் சிலை ஒன்றைத் திருப்பிக் கொடுத்தார். 20 வருடங்களில் 5 பில்லியன் டொலர் நட்டஈடு என்றும் முடிவானது. முஸ்லிம் உலகில் பலர் மகிழ்ந்தார்கள், ஒரு காலனித்துவ நாடு இப்படித் தலை குனிந்ததே என்று. அடுத்த வருடம் கடாபி ரோமுக்குப் போய் இறங்கியபோது, சங்கிலியிட்ட உமர் முக்தாரின் புகைப்படத்தைத் தன் சீருடையின் நெஞ்சில் குத்தியிருந்தார். அந்த விஜயத்தின்போதுதான் இத்தாலியத் தொலைக்காட்சியில் அந்தப் படம் ஓடியது.

ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குச் சொல்லித் தந்த ஒரு பழக்கம் உண்டு: எந்த உடன்படிக்கையையும் முகவுரையோடு நிறுத்தாதே, உறுப்புரைகளைப் போய்ப் பார். பெங்காசி உடன்படிக்கையின் 19ஆம் உறுப்புரை பயங்கரவாதம், போதைப்பொருள், சட்டவிரோதக் குடியேற்றம் ஆகியவற்றுக்கு எதிரான ஒத்துழைப்பு பற்றியது. லிபியாவின் தரை எல்லையைக் கண்காணிக்கும் கட்டமைப்பை அமைக்கும் வேலை இத்தாலியக் கம்பனிகளுக்கு. அந்த 5 பில்லியனில் கட்டப்படும் பாதைகளும் கட்டடங்களும்கூட இத்தாலியக் கம்பனிகளுக்குத்தான். பழைய முகாம்களுக்கு மன்னிப்புக் கேட்ட அதே தாளில் புதிய முகாம்களுக்கு அத்திவாரம் போடப்பட்டது. ஒரு கையில் உமர் முக்தாரின் படத்தையும் மறு கையில் அந்தத் தாளையும் வைத்திருந்த கடாபியை நாங்கள் வீரனாக மட்டுமே பார்த்தோம்.

விளைவு தெரிய அதிக நாள் எடுக்கவில்லை. 2009 மே 6ஆம் திகதி, லம்பெடுசா தீவுக்குத் தெற்கே 35 கடல் மைல் தூரத்தில், ஏறத்தாழ 200 பேர் வந்த மூன்று படகுகளை இத்தாலியக் கப்பல்கள் மறித்தன. ஆட்களை ஏற்றினார்கள். எங்கே கொண்டு போகிறோம் என்று சொல்லவில்லை. பெயர் கேட்கவில்லை, புகலிடம் வேண்டுமா என்று கேட்கவில்லை. பத்து மணித்தியாலப் பயணத்துக்குப் பிறகு திரிபோலித் துறைமுகத்தில் இறக்கிவிட்டார்கள். இப்போது கைதிகளின் கப்பல் வடக்கிலிருந்து தெற்குக்கு.

அவர்களில் 24 பேர், 11 சோமாலியரும் 13 எரித்திரியரும், ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். ஹிர்ஸி ஜமா எதிர் இத்தாலி என்பது வழக்கின் பெயர். 2012 பெப்ரவரி 23ஆம் திகதி நீதிபதிகள் ஏகமனதாகத் தீர்ப்பளித்தார்கள்: இத்தாலியக் கொடியுள்ள கப்பலில் கால் வைத்தவுடன் அந்த மனிதர்கள் இத்தாலியின் பொறுப்பு. நடுக்கடல் என்பது சட்டமில்லாத இடமல்ல. அவர்களைச் சித்திரவதைக்குத் திருப்பி அனுப்பியது குற்றம். ஒவ்வொருவருக்கும் 15,000 யூரோ கொடுக்க வேண்டும். தீர்ப்பு வரும்போது வழக்காளிகளில் பலர் எங்கே இருக்கிறார்கள் என்பது அவர்களுடைய சட்டத்தரணிகளுக்கே தெரியாது.

ஒரு நீதிமன்றம் கதவை அடைத்தால் அரசாங்கம் ஜன்னலைத் தேடும். தீர்ப்பின் அடிப்படை 'இத்தாலியக் கப்பல்' என்பது அல்லவா? அப்படியானால் கப்பல் இத்தாலியுடையதாக இல்லாமல் இருந்தால் சரி.

2017 பெப்ரவரி 2ஆம் திகதி பிரதமர் ஜென்டிலோனி திரிபோலி அரசின் தலைவர் ஸர்ராஜுடன் புரிந்துணர்வு உடன்படிக்கை ஒன்றில் கையெழுத்திட்டார். இதன் மூளை உள்நாட்டலுவல்கள் அமைச்சர் மின்னிட்டி. இரண்டு பேரும் வலதுசாரிகள் அல்ல, மத்திய இடதுசாரிகள். எல்லாப் பழியையும் மெலோனி மீது போட்டுவிட்டுத் தப்பிக்க முடியாது என்பதற்காக இதைச் சொல்கிறோம். உடன்படிக்கையின்படி லிபியக் கரையோரக் காவல் படைக்கு இத்தாலி படகும் பயிற்சியும் பணமும் கொடுக்கும், அவர்கள் ஆட்களை மறித்துத் திருப்பிக் கொண்டு போவார்கள். 2018ல் ஒரு அவசரச் சட்டத்தின் மூலம் மட்டும் 12 படகுகள் கொடுக்கப்பட்டன. உடன்படிக்கை இத்தாலியப் பாராளுமன்றத்தின் அங்கீகாரத்துக்குப் போகவேயில்லை. வெறும் புரிந்துணர்வுதானே, சர்வதேச ஒப்பந்தம் அல்லவே என்றார்கள். அரசியலமைப்பின் 80ஆம் உறுப்புரை இத்தகைய ஒப்பந்தங்களுக்குப் பாராளுமன்ற அனுமதி வேண்டும் என்கிறது என சட்ட அறிஞர்கள் கத்தியது யார் காதிலும் ஏறவில்லை.

2017 முதல் இப்படிக் கடலில் பிடித்துத் திருப்பப்பட்டவர்கள் ஒரு இலட்சத்துக்கும் மேல். 1930ல் முகாம்களுக்கு நடத்திச் செல்லப்பட்டவர்களின் தொகையும் ஏறத்தாழ அதுதான். இரண்டும் ஒன்று என்று நாங்கள் சொல்ல வரவில்லை. எண் மட்டும் மனதை என்னவோ செய்கிறது.

திருப்பிக் கொண்டு போனவர்களுக்கு என்ன நடக்கிறது? லிபியா 1951 அகதிகள் சாசனத்தில் ஒப்பமிடாத நாடு. அனுமதியின்றி நுழைவதே அங்கே சிறைக்குரிய குற்றம், அது அகதியாக இருந்தாலும் சரி. தடுப்பு முகாம் பெயருக்கு அமைச்சினுடையது, சாவி ஆயுதக் குழுவிடம். பிடிபட்டவரின் வீட்டுக்கு போன் எடுத்து, அடிக்கின்ற சத்தத்தைத் தாய்க்குக் கேட்க வைத்து, பணம் அனுப்பச் சொல்வார்கள். பணம் வந்தால் விடுவார்கள். அவர் திரும்பவும் படகு ஏறுவார், திரும்பவும் பிடிபடுவார். 2019 ஜூலையில் தஜூரா முகாம் மீது விமானக் குண்டு விழுந்து 53 பேர் அடைபட்ட நிலையிலேயே செத்தார்கள். 2020 மே மாதம் மிஸ்தாவில் 30 பேர் கடத்தல்காரர்களால் கொல்லப்பட்டார்கள், அதில் 26 பேர் பங்களாதேஷ் இளைஞர்கள். எங்கள் மேற்குக் கரையோரக் கிராமங்களிலிருந்தும் ஒரு காலத்தில் ட்ரோலர் படகுகளில் இத்தாலிக்குப் போனார்கள். அந்தப் பிள்ளைகள் எங்களுக்கு அந்நியர்கள் அல்ல.

2023 மார்ச்சில் ஐ.நா. உண்மை கண்டறியும் குழு, லிபியாவில் குடியேறிகளுக்கு எதிராக மனித குலத்துக்கு எதிரான குற்றங்கள் நடந்துள்ளன என நம்பப் போதிய ஆதாரம் இருப்பதாக அறிக்கையிட்டது. ஐரோப்பிய ஒன்றியமும் அதன் உறுப்பு நாடுகளும் கொடுத்த உதவி இதற்குப் பயன்பட்டது என்பதையும் சேர்த்தே சொன்னது.

இங்கே ஒரு விடயத்தை நாங்கள் மறைக்கக் கூடாது. சாட்டை பிடித்திருப்பவரும் அடி வாங்கும் சூடானியரும் சோமாலியரும் ஒரே கிப்லாவை நோக்கித் தொழுகிறவர்கள். உமர் முக்தாரின் பேரர்களின் நாட்டில் இது நடக்கிறது. ஐரோப்பாவைத் திட்டி எழுதினால் லைக் வரும், இந்தப் பந்தியை எழுதினால் கமெண்டில் ஏசுவார்கள். பரவாயில்லை.

இனி ஆயுதம். 2011 பெப்ரவரி 26ஆம் திகதி பாதுகாப்புச் சபையின் 1970ஆம் இலக்கத் தீர்மானம் லிபியா மீது ஆயுதத் தடை விதித்தது. அன்றிலிருந்து இன்றுவரை தடை கடதாசியில் உள்ளது. துருக்கி ஒரு பக்கத்துக்கும் ஐக்கிய அரபு இராச்சியம் மறு பக்கத்துக்கும் கப்பல் கப்பலாகவும் விமானம் விமானமாகவும் இறக்கியதை ஐ.நா. நிபுணர் குழுவே பதிவு செய்திருக்கிறது. 2021ல் அந்தக் குழு, தடை முற்றிலும் பயனற்றுப் போய்விட்டது என்று எழுதியது. எங்கள் பக்கத்தில் சிலர் துருக்கி செய்தால் சரி என்பார்கள், சிலர் அமீரகம் செய்தால் வாய் திறக்க மாட்டார்கள். தடை இரண்டு பேருக்கும்தான்.

ஐரோப்பிய ஒன்றியம் 2020 மார்ச் 31ஆம் திகதி 'இரினி' என்ற கடற்படை நடவடிக்கையை ஆரம்பித்தது. தலைமையகம் ரோம். கப்பல்களைச் சோதித்து ஆயுதக் கடத்தலைத் தடுப்பது முதல் வேலை. அந்த வருடம் நவம்பரில் ஜேர்மன் போர்க்கப்பல் ஒன்று துருக்கியச் சரக்குக் கப்பலில் ஏறிச் சோதிக்கத் தொடங்கியது. அங்காரா ஆட்சேபித்தவுடன் இறங்கிவிட்டது. இதைவிடக் கவனிக்க வேண்டியது வேறொன்று. இதற்கு முன்னர் இருந்த 'சோபியா' நடவடிக்கையிலிருந்து 2019ல் கப்பல்களை எடுத்துவிட்டார்கள், கப்பல் இருந்தால் ஆட்களைக் காப்பாற்ற வேண்டி வரும், காப்பாற்றினால் இத்தாலியில் இறக்க வேண்டி வரும் என்று. இரினியை அமைக்கும்போதும் கப்பல்கள் குடியேறிகளை ஈர்ப்பதாகத் தெரிந்தால் அந்தப் பகுதியிலிருந்து விலக்கலாம் என்று நிபந்தனை போட்டார்கள். ஆயுதக் கடத்தலைப் பிடிக்கப் போகும் கப்பல், மூழ்குகிறவனைக் காணாத தூரத்தில் நிற்க வேண்டும். இரினிக்கு இன்னொரு வேலையும் கொடுத்தார்கள், லிபியக் கரையோரக் காவல் படைக்குப் பயிற்சி.

யார் அந்தக் காவல் படை? ஸாவியா நகரின் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் 'பிஜா' என அறியப்பட்ட அப்துர் ரஹ்மான் அல்-மிலாத். ஆட்கடத்தல்காரர் என்று 2018 ஜூனில் பாதுகாப்புச் சபை அவர் மீது தடை விதித்தது. அதற்கு ஒரு வருடத்துக்கு முன், 2017 மே மாதம், அவர் லிபியத் தூதுக்குழுவில் ஒருவராக இத்தாலிக்கு வந்து சிசிலியில் நடந்த கூட்டத்தில் உட்கார்ந்திருந்தார் என்பதை 2019ல் ஓர் இத்தாலியப் பத்திரிகை புகைப்படத்தோடு வெளியிட்டது. எழுதிய பத்திரிகையாளருக்குப் பொலிஸ் பாதுகாப்புக் கொடுக்க வேண்டி வந்தது. பிஜா 2024 செப்டெம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டார், அவர் சொல்லியிருக்கக் கூடியவையும் அவரோடு போய்விட்டன.

படகு ஆயுதமா என்று கேட்பவர்களுக்கு: 2025 ஓகஸ்ட் 24ஆம் திகதி, சர்வதேசக் கடலில், 87 பேரைக் காப்பாற்றி ஏற்றியிருந்த 'ஓஷன் வைக்கிங்' கப்பல் மீது லிபியக் காவல் படகொன்று ஏறத்தாழ இருபது நிமிடம் சுட்டது. அந்தப் படகு 2023ல் இத்தாலி கொடுத்தது என்று கப்பலை நடத்தும் அமைப்பு அடையாளம் காட்டியது.

இவ்வளவுக்கும் நீதிமன்றம் என்ன செய்தது? லிபியப் படகு வந்து மறித்த 2017 நவம்பர் சம்பவம் ஒன்று பற்றிய வழக்கை ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 2025 ஜூனில் விசாரணைக்கு ஏற்க மறுத்தது. அந்த இடம் இத்தாலியின் கட்டுப்பாட்டில் இருக்கவில்லை என்று. 2012ல் கற்ற பாடத்தை அரசாங்கம் சரியாகவே பயன்படுத்தியிருந்தது.

பிறகு 2025 ஜனவரி. மிட்டிகா சிறையின் பொறுப்பாளர் உஸாமா நஜீம், அல்-மஸ்ரி என்று அழைக்கப்படுபவர், இத்தாலிக்கு உதைபந்தாட்டம் பார்க்க வந்தார். கொலை, சித்திரவதை, பாலியல் வன்முறைக் குற்றங்களுக்காக சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் அவருக்கு 18ஆம் திகதி பிடியாணை பிறப்பித்தது. 19ஆம் திகதி துரின் நகரில் பொலிஸார் கைது செய்தார்கள். 21ஆம் திகதி ரோம் மேன்முறையீட்டு நீதிமன்றம், நீதியமைச்சருக்கு முன்கூட்டி அறிவிக்காமல் கைது செய்தது நடைமுறைத் தவறு என்று விடுவித்தது. அமைச்சர் நினைத்திருந்தால் அந்தக் குறையைச் சரி செய்திருக்கலாம். செய்யவில்லை. அன்றிரவே இத்தாலிய அரசாங்க விமானத்தில் அவர் திரிபோலி போய் இறங்கினார். ஆட்கள் தோளில் தூக்கிக் கொண்டாடினார்கள். அந்த நீதிமன்றத்தை உருவாக்கிய சாசனத்தின் பெயரே ரோம் சாசனம், 1998ல் அந்த நகரத்தில் வைத்து எழுதப்பட்டது.

பாராளுமன்றத்தில் உள்நாட்டலுவல்கள் அமைச்சர், ஆபத்தானவர் என்பதால் அவசரமாக அனுப்பினோம் என்றார். நீதியமைச்சர், பிடியாணையில் திகதிக் குழப்பம் இருந்தது என்றார். இரண்டு அமைச்சர்கள், இரண்டு காரணங்கள். மிட்டிகாவில் அடைபட்டிருந்த தென் சூடானியர் ஒருவர் ரோமில் முறைப்பாடு செய்தார், என்னைச் சித்திரவதை செய்தவருக்குத் தண்டனை கிடைக்கும் வழியை இந்த அரசாங்கம் அடைத்துவிட்டது என்று. அமைச்சர்களை விசாரிக்கும் விசேட நீதிபதிகள் மெலோனியை விடுவித்து, இரண்டு அமைச்சர்களையும் பிரதமர் அலுவலகச் செயலாளரையும் வழக்கில் நிறுத்தப் பாராளுமன்றத்திடம் அனுமதி கேட்டார்கள். அவர்கள் தனக்குத் தெரியாமல் எதுவும் செய்யவில்லை என்று மெலோனியே சொன்னார். ஒக்டோபர் 9ஆம் திகதி பாராளுமன்றம் வாக்களித்து அனுமதி மறுத்தது. எட்டு நாட்கள் கழித்து, இத்தாலி தன் கடமையைச் செய்யத் தவறியது என்று சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் தீர்மானித்தது.

நவம்பர் 5ஆம் திகதி அல்-மஸ்ரி கைதானார். கைது செய்தது திரிபோலியின் வழக்குத் தொடுநர், கைதிகளைச் சித்திரவதை செய்த குற்றச்சாட்டில். ரோம் மூன்று நாளில் விட்ட ஆளை!

அதற்கு மூன்று நாட்கள் முன்னர் இன்னொரு திகதி சத்தமில்லாமல் கடந்து போனது. 2017 உடன்படிக்கை மூன்று வருடங்களுக்கு ஒருமுறை தானாகப் புதுப்பிக்கப்படும். விலக விரும்பினால் முடிவுக்கு மூன்று மாதங்களுக்கு முன் எழுத்தில் அறிவிக்க வேண்டும். இம்முறை அந்தக் கடைசித் திகதி நவம்பர் 2. ரோமிலிருந்து எந்தக் கடிதமும் போகவில்லை.